வெயிலுக்கு வெட்டின கண்ணாடி

பைக்கோட முன்கண்ணாடிய வெட்டணும்னு மொதல்ல நெனச்சவன் நான்தான். இத முன்னாடியே சொல்லிடறேன். இல்லன்னா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அடப்பாவி, உன் நல்லதுக்குத்தானே வெட்டினாங்க"ன்னு எவனாவது கெளம்புவான். ஏற்கெனவே ரெண்டு பேரு கெளம்பிட்டானுங்க.

எனக்குத் தொழிலு பிளாஸ்டிக் சாமான் ஏவாரம். குடம், பக்கெட்டு, மொறம், கொழந்தைங்க உக்கார்ற குட்டி நாற்காலி எல்லாத்தையும் பைக்குப் பின்னாடி கட்டிக்கினு கல்வராயன் மலைக்கு ஏறிடுவேன். கட்டி முடிச்சா பின்னாலேர்ந்து பாக்கறவங்களுக்கு ஆளும் தெரியாது, வண்டியும் தெரியாது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி டேம தாண்டி, வெள்ளிமலை ரோட்டுல ஏறினா, ஊருக்கு ஊரு நிறுத்திக் கூவணும். தொண்ட போனாலும் பரவால்ல, நம்மள யாரும் வேல ஏவறதில்ல. அதுக்காகவே இந்தத் தொழிலப் புடிச்சேன்.

மார்கழி, தை மாசத்துல மலையில காத்து ஊசி மாதிரி குத்தும். கண்ணுல தண்ணி ஊத்திக்கினே இருக்கும். ஒரு நாளு ஒரு கருவண்டு பறந்து வந்து எமையிலயே மோதி, கண்ணு பணியாரம் மாதிரி வீங்கிப்போச்சி. "இன்னாடா, பொண்டாட்டி குத்திட்டாளா?"ன்னு காலனியே கேட்டுச்சி. அப்பதான் கள்ளக்குறிச்சியில ஒரு கடையில இந்தக் கண்ணாடிய மாட்டினேன். கண்ணாடின்னு சொல்றோமே தவிர அது பிளாஸ்டிக்குதான். நெத்திக்கு மேல வரைக்கும் ஒசரம், பொகை கலரு. உள்ள இருந்து பாத்தா ரோடு நல்லாத் தெரியும். வெளிய இருந்து பாத்தா உள்ள ஒரு நெழலு உக்காந்திருக்கும், அவ்ளோதான்.

அந்த நெழலுதான் எனக்குப் புடிச்சது. ஏன்னு சொல்றேன்.

எங்க காலனியிலேர்ந்து மெயின் ரோட்டுக்குப் போவணும்னா ஊர்த்தெரு வழியாத்தான் போவணும். ஏரிக்கரை மேல ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு. லோடு கட்டின வண்டி அதுல போனா ஏரிக்குள்ளதான் கெடக்கணும். ஊர்த்தெரு நடுவுல பண்ணை வூடு. காலையில வேப்பமரத்தடியில சேரப் போட்டு, வெத்தலப் பொட்டிய மடியில வச்சிக்கினு பண்ணைக்காரரு உக்காந்திருப்பாரு. எங்கப்பன் அவர "ஆண்டே"ன்னு கூப்புடுவாரு. என் வாயில அந்த வார்த்தை வராது. அந்த எடத்துக்கு வந்தா எங்க ஆளுங்க வண்டியெல்லாம் ஸ்லோவாவும். எங்க தாத்தா காலத்துல செருப்பக் கையில எடுத்துக்கினு நடந்தாங்களாம். எங்கப்பன் காலத்துல சைக்கிள்லேர்ந்து எறங்கித் தள்ளிக்கினு போனாங்களாம். இப்ப யாரும் எறங்கறதில்ல, நாகரிகம் வந்துட்டுது பாருங்க! ஒரு கைய நெத்தி வரைக்கும் தூக்கி "வரேங்க"ன்னா போதும். அவரு தாடைய லேசா ஆட்டுவாரு. அந்தத் தாடை ஆடறதுக்கு முன்ன வண்டிய முறுக்கினா தப்பு. அப்படின்னு யாரும் போர்டு வக்கல, ஆனா கொழந்தைக்குக் கூட அது தெரியும்.

நானும் கை தூக்கினவன்தான். கண்ணாடி மாட்டின மொத நாளு, நல்ல பனி. ரெண்டு கையும் ஹேண்டில்ல இருந்துச்சி. பண்ணை வூடு வந்துச்சி, போச்சி. எவனும் கூப்புடல. மறுநாளும் அப்படியே போனேன். உள்ள இருக்கறவன் கையத் தூக்கினானா, நாக்கத் துருத்தினானா, எவனுக்குத் தெரியும்? சத்தியமா சொல்றேன், நாக்கையும் துருத்தியிருக்கேன். அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் நான் ராஜா.

பங்குனி பொறந்ததும் ராஜா வெந்து போனாரு.

அந்த ஒசரக் கண்ணாடியில இருக்கற கோளாறு இன்னான்னா, காத்து அதுல மோதி தலைக்கு மேல தாண்டிப் பூடும். நெஞ்சுக்கு ஒரு பொட்டுக் காத்து வராது. கீழ இஞ்சின் சூடு, முன்னாடி வெயில வாங்கின பிளாஸ்டிக்கு சூடு, நடுவுல நானு. இட்லிப் பானையில வச்சி மூடின மாதிரி இருக்கும். மலை ஏறி எறங்கறதுக்குள்ள சட்டையில உப்புப் பூத்துடும். "யோவ், இத நனைக்கவே வேணாம், அப்படியே சோப்பு போட்டுடலாம்"னு என் பொண்டாட்டி கையால தொடாம குச்சியால எடுப்பா. கத்திரி வெயிலு தொடங்கினப்ப இனிமே தாங்காதுன்னு ஆயிப்போச்சி. வெட்டிடறதுன்னு முடிவு பண்ணேன்.

வெட்டறதுக்கும் ஒரு மொறை இருக்கு. மூக்குக்கு நேரா வெட்டினா கண்ணு கண்ணாடிக்கு மேல பாக்கும், காத்து மொகத்துலயும் கழுத்துலயும் விழும், வண்டும் தூசும் கீழயே மோதி நின்னுக்கும். சும்மா நிக்கிற வண்டியில அளவு எடுக்கக் கூடாது. பின்னாடி லோடு ஏறினா பின்சக்கரம் அமுங்கி நான் தாழ்ந்துடுவேன், முன்பக்கம் தூக்கிக்கினு கண்ணாடி ஒசந்துடும். அதனால லோடு முழுக்கக் கட்டிட்டு நான் ஏறி உக்காந்துக்கினேன். என் பொண்டாட்டி எதிர்ல நின்னு கருப்பு ஸ்கெட்ச்சால கோடு போட்டா. "மூக்குக்கு நேராவா, வாய்க்கு நேராவா? மூக்குக்குப் போட்டா வாயி மூடியிருக்கும், எல்லாருக்கும் நிம்மதி"ன்னா. வெடிக்காம இருக்க டேப்பும், பொடிப் பல்லு வச்ச பிளேடும் ஏற்கெனவே வாங்கி வச்சிருந்தேன். மறுநாளு ஞாயித்துக்கெழம, அப்ப வெட்டிக்கலாம்னு இருந்தேன். வெட்டறது ஒண்டிதான் பாக்கி.

அந்தக் கோட்டோட மலைக்குக் கெளம்பின காலையிலதான் பண்ணைக்காரரு கைத்தடிய ரோட்டுக்குக் குறுக்க நீட்டினாரு.

நிறுத்தினேன். எறங்கல.

"இன்னாடா, பொட்டிக்குள்ள உக்காந்துக்கினு போற? யாரு போறான்னே தெரியல."

"மலைக்குப் போறேங்க. பனிக்கு மாட்டினதுங்க."

"கத்திரி வெயில்ல இன்னாடா பனி?" பக்கத்துல இருந்தவனுங்க சிரிச்சானுங்க. அவரு சிரிக்கல. வெத்தலக் காம்பக் கிள்ளி, எல முதுவுல சுண்ணாம்பத் தடவிக்கினே சொன்னாரு. "வெந்து போயிருக்கான் பாரு, பாவம். வெட்டிப்புடுடா. உனக்கும் காத்து வரும், எங்களுக்கும் உன் மூஞ்சி தெரியும். பாத்து எத்தினி மாசமாவுது!"

நாக்கு துருத்தின அத்தினி நாளும் அந்தாளு எண்ணிக்கினுதான் இருந்திருக்கான்.

வூட்டுக்கு வந்ததும் துணியில மண்ணெண்ணெயத் தொட்டு, அந்தக் கருப்புக் கோட்டத் தேச்சி அழிச்சேன்.

"இன்னாய்யா பண்ற?"ன்னா என் பொண்டாட்டி.

"வெட்டல."

"ஏன்?"

"பண்ணை வெட்டச் சொல்றான்."

"நீயும் வெட்டணும்னுதான சொன்ன?"

"நான் சொன்னது வேற, அவன் சொன்னது வேற."

"ரெண்டுக்கும் கோடு ஒண்ணுதானய்யா? உன் ரோஷத்த வச்சி நான் கொழம்பா தாளிக்கறது? வெட்டித் தொலையேன்!"

அவ சொன்னதுல தப்பில்ல. எனக்கு வெட்டணும்னு அரிப்பு, வெட்டினா அந்தாளுக்கு பயந்துட்டேன்னு ஆவும். அதனால வேவுறதுன்னு முடிவு பண்ணேன். காலனிப் பசங்க "ஆவி வண்டி வருது, ஒதுங்குங்கடா"ன்னு கத்துவானுங்க. முதுவுல வேர்க்குரு கொள்ளுப் போட்ட மாதிரி எழும்பிச்சி. மலையில ஒரு கெழவரு என்னப் பாத்துட்டு, பக்கெட்டு வாங்க வந்தவரு, அதுலயே தண்ணி மொண்டு என் தலையில ஊத்திட்டுப் போனாரு. எல்லாத்தையும் தாங்கிக்கினேன். ஊர்த்தெருவுல மட்டும் ரெண்டு கையும் ஹேண்டில்லதான்.

பண்ணைக்காரரு என்ன ஒண்ணும் பண்ணல. அடிக்கல, திட்டல. தண்ணிய நிறுத்தினாரு.

எங்கப்பனுக்கு ஏரிக்குக் கீழ அரைக் காணி நெலம். அதுல அந்த வருசம் மல்லாட்டை, அதான் வேர்க்கடல, போட்டிருந்தாரு. ஏரி வத்திட்டா பண்ணையோட போரு தண்ணிதான் கதி. எங்கப்பன் பண்ணைக்குக் கூலி இல்லாம வேல செய்வாரு, அதுக்கு பதிலா மொறை வச்சித் தண்ணி வரும். ரொம்ப வருசமா இப்படித்தான். மல்லாட்டை காய் புடிக்கிற நேரத்துல வாய்க்கா காஞ்சி கெடந்துச்சி. எங்கப்பன் போய்க் கேட்டிருக்காரு. "உம்மவனுக்குக் காத்து வேணாமாம். உம்பயிருக்கு மட்டும் தண்ணி இன்னாத்துக்கு?"ன்னு சொல்லி அனுப்பிச்சிட்டாரு.

அன்னிக்கி சாயங்காலம் எங்கப்பன் வந்து பைக்குப் பக்கத்துல நின்னாரு.

"டேய், வெட்டிடேண்டா."

"மாட்டேன்."

"கையத் தூக்கினா கையி தேஞ்சா பூடும்?"

"உனக்குத் தேஞ்சிபோய்தான கெடக்கு, முழங்கை வரைக்கும்."

கேட்டுக்கினு சும்மா நின்னாரு. அதுவும் எனக்கு ஆத்திரமா இருந்துச்சி. திருப்பி ஒரு வார்த்த திட்டியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனோ இன்னாவோ. "உன் மல்லாட்டை காயட்டும். எரிச்சி குளிரு காயி"ன்னேன். என் பொண்டாட்டி உள்ள இருந்து "யோவ்!"னு அதட்டினா. எங்கப்பன் மடியிலேர்ந்து ஒரு மல்லாட்டைச் செடிய எடுத்தாரு. வேரோட புடுங்கியாந்திருக்காரு. காயெல்லாம் சுருங்கி, கெழவி காதுத் தொங்கட்டம் மாதிரி இருந்துச்சி. அத பைக்கு சீட்டு மேல வச்சிட்டுப் போயிட்டாரு. நான் எடுத்து ஆட்டுக்குப் போட்டேன்.

அப்புறம் ஒரு நாளு. மலையிலேர்ந்து மத்தியானமே எறங்கிட்டேன். என் பொண்டாட்டி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தா. சோத்தப் போட்டுத் தின்னுட்டு ஃபேனுக்கு கீழ பொணம் மாதிரி தூங்கிட்டேன். எழுந்து வெளிய வந்தா, புங்கமரத்தடியில வண்டி நிக்குது. கண்ணாடியக் காணோம். கிட்டப் போய்ப் பாத்தா, மீட்டர மறைக்கிற அளவுக்கு ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கினு இருக்கு. வெட்டினது பல்லு பல்லா, ஏறி எறங்கி, ஒரு பக்கம் போல்ட்டு வரைக்கும் விரிசல் ஓடிக் கெடந்துச்சி. பக்கத்துல எங்கப்பன் குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாரு. மோட்டார் கொட்டாயில பைப்பு அறுக்கற பெரும்பல்லு பிளேடு கையில இருந்துச்சி. கட்ட வெரலுல துண்டச் சுத்தியிருந்தாரு, ரத்தம்.

"வெயிலுக்குத்தாண்டா"ன்னாரு. "நீ வேவுறதப் பாக்க முடியல."

எனக்குக் கோவம் வரணும். வரல. இந்த மனுசன் என் வாயால அத்தினி பேச்சு வாங்கியும், எனக்காக வெரல அறுத்துக்கினு உக்காந்திருக்காரேன்னு இருந்துச்சி. "வெட்டத் தெரியலன்னா என்ன எழுப்பறதுதான? டேப்பு, பிளேடு எல்லாம் வூட்லயே இருக்கே"ன்னு சொல்லிக்கினே, கூரு எங்க இருக்குன்னு வெட்டின ஓரத்துல வெரல வச்சித் தடவினேன். வெரல்ல வெள்ளையா ஒட்டிச்சி.

மாவோன்னு பாத்தேன். மோந்து பாத்தேன். சுண்ணாம்பு.

எங்கப்பன் பீடி குடிக்கிறவரு. வெத்தல போடறதில்ல. என் பொண்டாட்டியும் போடறதில்ல. எங்க வூட்டுல சுண்ணாம்பே கெடையாது. குனிஞ்சி பாத்தேன். பிளேடு கோணிப்போன எடத்துல எல்லாம் ஒரு வெரலு அகலத்துக்கு வெள்ளைக் கோடு மிச்சம் இருந்துச்சி.

"எங்க வச்சி வெட்டின?"

"இங்கதாண்டா."

"யப்பா."

"இங்கதான் வெட்டினேன்." மண்ணப் பாத்துக்கினே சொன்னாரு. "கோடு மட்டும் அங்க போட்டது."

அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சி. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் தூங்கறப்ப அந்த வெயில்ல பைக்கத் தள்ளிக்கினு ஊர்த்தெருவுக்குப் போயிருக்காரு. வேப்பமரத்துக்கு நேரா ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்காரு. வெட்டிடறேன் ஆண்டே, தண்ணி வுடுங்கன்னு கேட்டிருக்காரு. எவ்ளோ வெட்டணும்னு பண்ணைக்காரருக்கும் ஒரு அளவு வேணும்ல? என்ன மாதிரி அவரும் அளவு எடுத்திருக்காரு. எங்கப்பன பைக்கு மேல ஏறி உக்காரச் சொல்லியிருக்காரு.

"உக்காந்தியா?"

"உக்காந்தேன். கையத் தூக்குன்னாரு, தூக்கினேன். சேர்லேர்ந்து பாத்துட்டு, மூஞ்சி தெரியுது, கையி சரியாத் தெரியலன்னாரு. நெஞ்சுலேர்ந்து தெரியணும்னாரு. இன்னும் கீழ, இன்னும் கீழன்னு சொல்லிக்கினே எழுந்து வந்து, வெரல்ல சுண்ணாம்பத் தொட்டு அவரே கோடு போட்டாரு." எங்கப்பன் தலையத் தூக்கி என்னப் பாத்தாரு. "நம்ம வண்டிய அவரே தொட்டாருடா! மொத தபா."

அந்த மொகத்துல ஒரு வெளிச்சம் இருந்துச்சி பாருங்க, அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். அந்தாளு என் வண்டியத் தொட்டுட்டானாம். இவருக்கு அது பெரும. ஊரு நடுவுல, எனக்கு பதிலா ஏறி உக்காந்து, கையத் தூக்கித் தூக்கிக் காட்டிட்டு வந்திருக்காரு. பக்கத்துல எவனெவன் நின்னு சிரிச்சானோ.

"தண்ணி நாளைக்கு வுடறேன்னுட்டாருடா"ன்னாரு.

மிச்சத் துண்டையும் ஒதச்சி ஒடைக்கணும்னு காலத் தூக்கினேன், அப்புறம் எறக்கிட்டேன். ஒடச்சா இன்னா ஆவும்? இன்னும் நல்லாத் தெரிவேன். வேல முடிஞ்சி வந்த என் பொண்டாட்டி, "அப்பாடா! ஒரு வழியா வெட்டிட்டியா?"ன்னு சிரிச்சா. அவகிட்டயும் சொல்லல.

மறுநாளு காலையில லோடு கட்டிக்கினு கெளம்பினேன். வேப்பமரம் வர்றதுக்கு முன்னாடியே வாய்க்கால்ல தண்ணி ஓடற சத்தம் கேட்டுச்சி. சேர்ல உக்காந்திருந்தவரு வாய் நெறைய வெத்தலையோட தடியத் தூக்கினாரு.

"இன்னாடா, காத்து வருதா?"

ராவு பூரா பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். மூணு தலமொறைக்கும் சேத்து ஒரு பதிலு. எனக்கும் அவருக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. மூஞ்சி, கழுத்து, நெஞ்சு எல்லாம் அவரு போட்ட அளவுக்குத் தெரிஞ்சிச்சி. கையி தானா நெத்திக்குப் போச்சி.

"வருதுங்க. நல்லா வருதுங்க."

தாடைய ஆட்டினாரு. அது ஆடி முடியற வரைக்கும் நின்னுட்டுப் போனேன்.

கச்சிராயபாளையம் தாண்டினதும் காத்து அடிச்சிச்சி. சும்மா இல்ல, சட்டைக்குள்ள பூந்து, வேர்க்குரு மேலயெல்லாம் ஓடி, அக்குள் வழியா முதுவுக்குப் போச்சி. இத்தினி நாளா வெந்துக்கினு இருந்த ஒடம்பு "ஆ"ன்னு வாயத் தொறந்து வாங்கிச்சி. அவ்ளோ சொகமா இருந்துச்சி. அந்த சொகத்ததான் என்னால தாங்க முடியல. டேமு கிட்ட வண்டிய நிறுத்திட்டு, என் நெஞ்ச நானே குத்திக்கினேன். எம்மேலயே காறித் துப்பணும்னு இருந்துச்சி. மலையில எல்லாரும் கேட்டாங்க, "இன்னாப்பா, கண்ணாடி குட்டையாப் போச்சி?"ன்னு. "வெயிலுக்கு வெட்டிட்டேன்"ன்னேன். இன்னிக்கும் மலையில யாரு கேட்டாலும் அதத்தான் சொல்றேன்.

சாயங்காலம் வூட்டுக்கு வந்தா எங்கப்பன் முழங்கால் வரைக்கும் சேத்தோட வாசல்ல நிக்கறாரு. மொகமெல்லாம் சிரிப்பு. பயிரு தல நிமிந்துட்டுதாம். வண்டிய நிறுத்தறதுக்குள்ள ஓடி வந்தாரு.

"காத்து வருதாடா?"

அதே கேள்வி. ஒரு எழுத்து மாறல. நான் அவரத் தாண்டி உள்ள போயிட்டேன்.

அந்த வருசம் மல்லாட்டை பாதிதான் தேறிச்சி. அவிச்சி எனக்குத் தட்டு நெறையக் கொண்டாந்து வச்சாரு, தின்னேன். உப்பு நல்லாப் புடிச்சிருந்துச்சி. வெட்டின ஓரம் என் கையில கிழிக்கக் கூடாதுன்னு சைக்கிள் ட்யூப அறுத்து அவரே சுத்திக் கட்டினாரு, அதையும் தடுக்கல. பேசறது மட்டும் இல்ல. எங்கம்மா இருந்திருந்தா பேச வச்சிருப்பா. என் பொண்டாட்டி சொல்லிப் பாத்துட்டு வுட்டுட்டா. நான் பண்றது கொடுமன்னு அவ சொல்றா. சொல்லிக்கட்டும்.

இந்த வருசமும் கத்திரி வந்துட்டுது. தெனமும் காலையில வேப்பமரத்துக்கிட்ட வண்டிய ஸ்லோ பண்ணி, கையத் தூக்கி, தாடை ஆடினதும் போறேன். ஊர்த்தெரு முடிஞ்சதும் ரோட்டோரமா எங்கப்பனோட மல்லாட்டைக் கொல்லை. வண்டி சத்தம் கேட்டதும் அவரு மம்பட்டியக் கீழ போட்டுட்டு, வரப்பு மேல ஏறி நின்னு, காத்து வருதான்னு கேட்டு எனக்குக் கையத் தூக்குவாரு. நான் ரெண்டு கையையும் ஹேண்டில்ல வச்சிக்கினு போயிடறேன்.